அஜ்மீரி வாயில் பள்ளிக்கூடம்

(பத்தாம் வகுப்பு மாணவி, தமிழ் வழிப் பிரிவு)

டில்லிக்குச் சுற்றுலா சென்று திரும்பியவர்கள் செங்கோட்டையைப் பற்றியோ குதுப்மினாரைப் பற்றியோ எழுதுவதுதான் வழக்கம். சென்ற ஆண்டுகளின் மலர்களைப் புரட்டினால் அவை இரண்டும் தவறாமல் இடம் பெற்றிருக்கும். ஆகவே நாங்கள் அவற்றை விட்டுவிட்டு, வழிகாட்டிப் புத்தகங்கள் பலவற்றில் ஒரு வரிகூடப் பெறாத ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுத விரும்புகிறோம். பள்ளிக்கூடம் செல்லும் நாங்கள் சுற்றுலாவிலும் பள்ளிக்கூடம் பார்த்தோமா என்று வீட்டில் கேலி செய்தார்கள். ஆனால், அந்தப் பள்ளியைப் பார்த்த பிறகு எங்கள் பள்ளியையே நாங்கள் வேறு கண்களால் பார்க்கிறோம்.

புதுடில்லி இரயில் நிலையத்திற்கு இரண்டு பக்கங்களிலும் வாசல் உண்டு. அவற்றுள் ஒன்றின் பெயர் அஜ்மீரி கேட் பக்கம். அரசர் ஷாஜகான் அமைத்த பழைய டில்லி நகரத்திற்கு ஒரு காலத்தில் மதிலும் பல வாயில்களும் இருந்தன. தென்மேற்கே அஜ்மீருக்குப் போகும் பாதையில் நின்றதால் அந்த வாயிலுக்கு அப்பெயர். மதிலின் பெரும்பகுதி இன்று இல்லை. வாயில் மட்டும் போக்குவரத்து நெரிசலின் நடுவே ஒரு முதியவரைப் போல நிற்கிறது. அதற்கு எதிரே, சைக்கிள் ரிக்ஷாக்களும் சரக்கு வண்டிகளும் இடித்துக் கொண்டு போகும் சாலையோரத்தில், செந்நிறக் கல்லாலான பெரிய வாசல் ஒன்று இருக்கிறது. அதுதான் ஆங்கிலோ அரபிக் மேல்நிலைப்பள்ளி. பெயரிலேயே இரண்டு மொழிகளைத் தாங்கிய பள்ளி!

வாசலைத் தாண்டியதும் சாலையின் இரைச்சல் சட்டென்று அடங்கிவிட்டது. நடுவே விரிந்த முற்றம். அதைச் சுற்றி இரண்டு அடுக்குகளில் அறைகள். ஒவ்வோர் அறைக்கும் முன்னால் ஒரு வளைவு. வரிசையாக நிற்கும் அவ்வளைவுகளை எண்ணத் தொடங்கிய எங்கள் தோழி ஒருத்தி பாதியிலேயே கைவிட்டாள். முற்றத்தின் மேற்கே, சிவந்த கல்லில் வெண் பளிங்கு இழையோடும் மூன்று குமிழ் மாடங்களுடன் ஒரு பள்ளிவாசல். அதன் பக்கத்தில், கல்லைச் சல்லடையாகச் செதுக்கிய வேலிக்குள், கூரையில்லாத ஒரு கல்லறை. பூ வேலைப்பாடுகள் நிறைந்த அந்தப் பளிங்குப் பலகணியைப் பார்த்தபோது, எங்கள் தையல் வகுப்பில் நாங்கள் துணியில் செய்யத் திணறும் வேலையைக் கல்லிலே செய்தவர்களின் பொறுமையை என்னென்பது என்று தோன்றியது.

இந்தக் கட்டட அமைப்பு வெறும் அழகுக்காக ஏற்பட்டதன்று என்று எங்கள் வரலாற்று ஆசிரியை விளக்கினார்கள். டில்லியின் வெயிலோ கொடியது. கல் சுவர்களின் கனம் பகலின் வெப்பத்தை உடனே உள்ளே விடாது. வளைவின் நிழல் அறைக்கு முன் ஒரு தாழ்வாரமாக அமைந்து, வெளிச்சத்தை விட்டு வெயிலை நிறுத்திவிடும். துளைகள் நிறைந்த கல் பலகணி காற்றை வடிகட்டி அனுப்பும். மாணவர்கள் தங்குவதும் படிப்பதும் ஒரே வளாகத்தில். தொழுகை இடமும் அங்கேயே. நம் மடத்துப் பள்ளியிலும் விடுதி, வகுப்பறை, சிற்றாலயம் ஆகிய மூன்றும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருக்கின்றன அல்லவா? சமயம் வேறு, ஊர் வேறு, காலம் வேறு. ஆனாலும் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் படிக்க வைக்க நினைத்தவர்களின் எண்ணம் ஒரே மாதிரிதான் கட்டடமாக எழுந்திருக்கிறது.

இதைக் கட்டியவர் காஜியுத்தீன் கான் ஃபெரோஸ் ஜங். அரசர் ஔரங்கசீப்பின் படைத்தளபதி. பிளேக் நோயால் கண் பார்வையை இழந்தும் படை நடத்தியவர். ஹைதராபாத்தின் முதல் நிஜாம் என்று நாம் பாடத்தில் படிக்கும் நிஜாமுல் முல்க் இவருடைய மகன்தான். 1690களில் இங்கே ஒரு மதரஸாவை இவர் நிறுவியதாகக் கூறுவர். 1710ல் குஜராத்தில் இவர் இறந்தபோது உடலை டில்லிக்குக் கொண்டு வந்து, தாம் அமைத்த இவ்விடத்திலேயே அடக்கம் செய்தார்கள். தளபதிகள் கட்டிய கோட்டைகள் எத்தனையோ பாழடைந்து போயின. இவர் கட்டிய பள்ளியில் மட்டும் இன்றும் மணி அடிக்கிறது.

ஆயினும் இந்தக் கட்டடம் எளிதாகப் பிழைத்துவிடவில்லை. 1803ல் டில்லி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1804ல் ஹோல்கரின் படை நகரை முற்றுகையிட்டது. நகர மதிலுக்கு வெளியே இவ்வளவு பெரிய கட்டடம் இருந்தால் எதிரி அதில் புகுந்துகொள்வான் என்று அஞ்சி, அதை இடித்துவிடவும் யோசித்தார்களாம். இறுதியில் இடிக்காமல், அதையும் அரணுக்குள் சேர்த்துக் கொண்டார்கள். நல்லவேளை!

1825ல் ஆங்கிலேயக் கம்பெனி அரசு இங்கே டில்லிக் கல்லூரியைத் தொடங்கியது. அரபி, பாரசீகம், சமஸ்கிருதம் ஆகியவற்றோடு தொடங்கிய கல்லூரியில் 1828ல் ஆங்கில வகுப்பும் சேர்ந்தது. நகர மக்களில் பலர் அதை விரும்பவில்லை. ஆங்கிலம் படித்தால் பிள்ளைகள் தங்கள் சமயத்தை விட்டுவிடுவார்கள் என்ற அச்சம். மறு ஆண்டு, 1829ல், அயோத்தி அரசின் அமைச்சராக இருந்த நவாப் இத்திமாதுத் தௌலா என்பவர் தம் ஊர்ப் பிள்ளைகளின் கல்விக்காக 1,70,000 ரூபாய் நன்கொடையாக அளித்தார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று எண்ணிப் பாருங்கள்! அதன் பயனை எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் பெற்றார்கள்.

1840களில் கல்லூரி, காஷ்மீரி வாயிலருகே ஒரு காலத்தில் இளவரசர் தாராஷூகோவின் நூலகமாக இருந்த கட்டடத்திற்கு இடம் மாறியது. அந்த ஆண்டுகளில் நடந்ததுதான் எங்களை மிகவும் வியக்க வைத்தது. கல்லூரியில் ஆங்கிலப் பிரிவு ஒன்று, கீழை மொழிப் பிரிவு ஒன்று என இரண்டு இருந்தன. எங்கள் பள்ளியில் 'அ' பிரிவு ஆங்கில வழி, 'ஆ' பிரிவு தமிழ் வழி என்று இருப்பதைப் போலத்தான். கீழை மொழிப் பிரிவு மாணவர்கள் பழைய இலக்கியத்தை மட்டும் படிக்கவில்லை. கணிதம், இயற்பியல், வேதியியல், வானியல் அனைத்தையும் உருது மொழியில் கற்றார்கள். அதற்குப் பாடநூல்கள் வேண்டுமே? கல்லூரியின் முதல்வராக இருந்த பூத்ரோ என்ற பிரெஞ்சுக்காரரும் அவருக்குப் பின் வந்த ஸ்ப்ரெங்கரும் மொழிபெயர்ப்புச் சங்கத்தை ஊக்குவித்தார்கள். ஆசிரியர்களும் மாணவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை உருதுவில் ஆக்கினார்கள்.

அவர்கள் வகுத்துக் கொண்ட விதிகளும் சுவையானவை. உருதுவில் ஏற்ற சொல் இருந்தால் அதைப் பயன்படுத்துவது. சோடியம், குளோரின் போல ஏற்ற சொல் இல்லாதவற்றை அப்படியே உருது எழுத்தில் எழுதிவிடுவது. எங்கள் தமிழ் அறிவியல் புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். சோடியம் சோடியமாகவே இருக்கிறது; ஆனால் விசைக்கும் முடுக்கத்திற்கும் தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. 180 ஆண்டுகளுக்கு முன் டில்லியில் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து பேசிய அதே வழியில்தான் எங்கள் புத்தகமும் நடக்கிறது.

அந்தக் கல்லூரியின் ஆசிரியர்களில் இராமச்சந்திரர் என்பவரை நாங்கள் மறக்கவே மாட்டோம். 1844 முதல் கீழை மொழிப் பிரிவில் உருதுவிலேயே அறிவியலும் கணிதமும் கற்பித்தவர். உருதுவில் பத்திரிகைகளும் நடத்தினார். 1850ல் தம் சொந்தச் செலவில் கல்கத்தாவில் ஒரு கணித நூலை ஆங்கிலத்தில் அச்சிட்டார். ஓர் அளவின் பெரும மதிப்பையும் சிறும மதிப்பையும் நுண்கணிதத்தின் உதவியின்றி, இயற்கணிதத்தால் மட்டுமே காண்பது எப்படி என்பது அந்நூலின் பொருள். லண்டனில் இருந்த டி மார்கன் என்ற பெரிய கணித மேதை அதைக் கண்டு மகிழ்ந்தார். அவருடைய முயற்சியால் 1859ல் அந்நூல் இங்கிலாந்தில் மறுபதிப்பாயிற்று.

இதைக் கேட்டதும் எங்கள் கணித ஆசிரியை இரயிலிலேயே எங்களுக்கு ஒரு கணக்குக் கொடுத்துவிட்டார்கள். 10ஐ இரண்டு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். அவற்றின் பெருக்கற்பலன் மிகப் பெரியதாக இருக்க வேண்டும். ஒரு பகுதி x என்றால் மற்றது 10-x. பெருக்கற்பலன் p என்க. அப்போது x²-10x+p=0. இச்சமன்பாட்டிற்கு மெய்யான மூலங்கள் வேண்டுமானால் 100-4p பூச்சியத்திற்குக் குறையக் கூடாது. எனவே p 25ஐத் தாண்டாது. இரண்டு பகுதிகளும் 5, 5. தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்த தன்மைகாட்டி இப்படி ஒரு வேலைக்கு உதவுமா! இராமச்சந்திரர் எடுத்தாண்டதும் இவ்வகை வழிதான். நாக்பூர் வரும்வரை நாங்கள் வேறு எண்களைப் போட்டுப் பார்த்துக் கொண்டே வந்தோம்.

அக்காலத்து மாணவர்களும் பின்னாளில் பெயர் பெற்றார்கள். காந்தியடிகளின் நண்பரான சி.எஃப். ஆண்ட்ரூஸ் 1929ல் அவர்களில் ஒருவரான ஜகாவுல்லாவின் வாழ்க்கையை நூலாக எழுதினார். இன்னொருவர் நசீர் அகமது. தம் பெண்மக்கள் படிப்பதற்கு உருதுவில் ஏற்ற புத்தகம் இல்லையே என்று தாமே ஒரு கதையை எழுதினார். 1869ல் வெளியான 'மிராத்துல் உரூஸ்' என்ற அந்தக் கதை உருது மொழியின் முதல் நாவல்களில் ஒன்று. அக்பரி, அஸ்கரி என்ற இரண்டு சகோதரிகள். படித்த தங்கை அஸ்கரி குடும்பத்தையே தூக்கி நிறுத்துகிறாள். அந்நூலுக்கு அரசு 1,000 ரூபாய் பரிசளித்தது.

புகழ்பெற்ற கவிஞர் காலிப்பைப் பற்றியும் ஒரு கதை உண்டு. 1842ல் அவரைப் பாரசீக ஆசிரியராக நியமிக்க அழைத்தார்கள். பல்லக்கில் வந்து இறங்கியவர், வழக்கம்போல் துரை வெளியே வந்து வரவேற்பார் என்று காத்திருந்தார். வேலை கேட்டு வந்தவரை வரவேற்கும் வழக்கம் இல்லை என்று துரை சொன்னாராம். உள்ள மதிப்பும் போவதானால் வேலை எதற்கு என்று காலிப் பல்லக்கைத் திருப்பிக் கொண்டு வீட்டிற்குப் போய்விட்டார்! இதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். ஆனால் ஆசிரியை சிரிக்கவில்லை. மொழியில் பெரியவர் யார் என்பதற்கும் அலுவலகத்தில் பெரியவர் யார் என்பதற்கும் உள்ள இடைவெளியை அன்று டில்லி பார்த்தது என்றார்கள்.

1857 எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. கல்லூரி முதல்வர் டெய்லர் கொல்லப்பட்டார். நூலகம் சூறையாடப்பட்டது. அவருக்கு அடைக்கலம் தந்த மௌல்வி முகம்மது பாக்கரையும் பின்னர் ஆங்கிலேயர் கொன்றார்கள். அவர் உருதுப் பத்திரிகை நடத்தியவர். அஜ்மீரி வாயில் கட்டடம் பல ஆண்டுகள் காவல் துறையின் கையில் இருந்தது. 1864ல் மீண்டும் திறந்த கல்லூரியை 1877ல் அரசு ஒரேயடியாக மூடிவிட்டது. ஆனால் நவாபின் நன்கொடையைக் கொண்டு ஆங்கிலோ அரபிக் பள்ளி 1870களில் தொடங்கியிருந்தது. 1890ஐ ஒட்டி அது தன் பழைய வீட்டிற்கே வந்து சேர்ந்தது. 1920களில் கல்லூரியும் அங்கே மறுபடி முளைத்தது. 1947ன் கலவரத்தில் தத்தளித்து, 1948ல் டில்லிக் கல்லூரி என்ற பெயரில் எழுந்தது. 1975ல் அதற்கு ஜாகிர் உசேனின் பெயர் இடப்பட்டது. 1986ல் கல்லூரி வேறு இடம் போயிற்று. பள்ளி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

இவ்வளவும் பையன்களின் கதை என்பதைத் தோழியர் கவனித்திருப்பீர்கள். பெண்மக்களுக்காக நாவல் எழுதிய நசீர் அகமதுவின் மரபில் வந்த இப்பள்ளியில் 2012ஆம் ஆண்டுதான் முதன்முதலாகப் பெண் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். முந்நூறு ஆண்டுகள் கழித்து!

முற்றத்தில் நாங்கள் சந்தித்த பத்தாம் வகுப்பு மாணவியர் சிலர் எங்களைச் சூழ்ந்து கொண்டார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்கு உருது தெரியாது. இரு தரப்பாரும் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் பேசினோம். யாரும் யாருடைய பிழையையும் திருத்தவில்லை. அவர்களில் ஒருத்தி சொன்னதை இங்கே எழுதியாக வேண்டும். அவளுடைய அம்மா இந்தப் பள்ளிக்குப் பின்புறத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். தினமும் பள்ளி மணியைக் கேட்டுத்தான் அவர்கள் வீட்டில் நேரம் பார்ப்பார்களாம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் இங்கே படித்தார்கள். அம்மா எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார். இவளைச் சேர்க்க வந்த அன்றுதான் அந்த அம்மா முதன்முதலாக இந்த வாசலுக்குள் காலடி வைத்தாராம். வளைவுகளைப் பார்த்துவிட்டு, "உள்ளே இவ்வளவு பெரியதா?" என்று மட்டும் கேட்டாராம்.

அதைக் கேட்ட பிறகு எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

ஏன் என்று சொல்கிறோம். எங்கள் 'ஆ' பிரிவில் முப்பத்தெட்டுப் பேர். எங்களில் பலருடைய தாய்மார் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். அடுத்த ஆண்டு நம் பள்ளியில் பிளஸ் ஒன் அறிவியல் பிரிவு ஆங்கில வழியில் மட்டுமே இருக்கிறது. அறிவியலில் எண்பதும் தொண்ணூறும் வாங்குகிறவர்களே, "நமக்கு ஒத்துவராது" என்று வேறு பிரிவு கேட்க முடிவு செய்திருந்தார்கள். அவர்கள் பயந்தது இயற்பியலுக்கு அல்ல; இயற்பியல் எழுதப்பட்டிருக்கும் மொழிக்கு. சுவருக்கு வெளியே நின்று மணியோசையைக் கேட்டுக் கொண்டிருந்த அந்த அம்மாவை எங்களுக்கு நன்றாகத் தெரியும் போலிருந்தது. வாசலில் காவல் இல்லாவிட்டாலும் மொழி சில வேளைகளில் மதிலாகிவிடுகிறது.

டில்லிக் கல்லூரியோ மொழியைப் படியாக வைத்தது. தாய்மொழியில் கணிதம் கற்ற கைகள் ஆங்கிலத்திலும் எழுதும் என்பதற்கு இராமச்சந்திரரின் கல்லூரியே சாட்சி. ஆங்கிலம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த மாணவியரோடு பேச எங்களுக்கு உதவியது ஆங்கிலம் அல்லவா? தமிழில் படித்தவள் அறிவில் குறைந்தவள் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம் என்கிறோம். அது பிறரிடம் இருந்தால்கூடப் பொறுக்கலாம். எங்களிடமே இருப்பதுதான் ஆபத்து.

ஊர் திரும்பியதும் 'அ' பிரிவுத் தோழியரிடம் இதைப் பற்றிப் பேசினோம். ஒரே மணிக்கு ஒரே பாடத்தை இரண்டு அறைகளில் இரண்டு மொழிகளில் படித்தும், பத்து ஆண்டுகளாக நாங்கள் விளையாட்டுத் திடலில்தான் சந்தித்திருக்கிறோம். தலைமையாசிரியை சிஸ்டர் அவர்கள் பெரிய மனத்துடன் வியாழக்கிழமை மாலைகளில் நூலக மேசையை எங்களுக்கு ஒதுக்கித் தந்தார்கள். இரு பிரிவிலிருந்தும் ஆறு ஆறு பேர். ஒரு நீள நோட்டு. இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல், கீழே எளிய விளக்கம். உந்தம், நிலைமம், ஒளிவிலகல், இணைதிறன் என்று எழுதிக் கொண்டே போகிறோம். எங்கள் தமிழ்ச் சொற்களில் பொருள் தானே விளங்கிவிடுகிறது என்று 'அ' பிரிவினர் வியக்கிறார்கள். அவர்கள் உச்சரிப்பைச் சொல்லித் தருகிறார்கள். நாங்கள் சொல்லைப் பிரித்துக் காட்டுகிறோம். ஒருநாள் 'ரிஃப்ராக்ஷன்' என்பதற்கு அவர்கள் நீண்ட விளக்கம் சொல்ல, எங்களில் ஒருத்தி "ஒளி விலகுகிறது, அவ்வளவுதானே?" என்றாள். மேசையே சிரித்தது.

இதுவரை 212 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. அறிவியல் வேண்டாம் என்றிருந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் மனம் மாறியிருக்கிறார்கள். மற்ற நால்வரின் வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. இம்மலரைப் படிக்கும் பெற்றோர்களைப் பணிவுடன் கேட்டுக் கொள்கிறோம்: உங்கள் மகள் எந்தப் பிரிவை விரும்புகிறாள் என்று கேளுங்கள், எந்த மொழியில் படித்தாள் என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

நம் பள்ளிக் கட்டடத்தில் செந்நிறக் கல்லும் பளிங்கும் இல்லை. சாதாரணச் செங்கல்லும் சுண்ணாம்பும் ஓடும்தான். இருந்தாலும் ஒரு கட்டடம் பள்ளிக்கூடமாக நிலைப்பது கல்லின் உறுதியால் மட்டுமன்று. உள்ளே வர வேண்டியவர்களுக்கு ஒவ்வொரு தலைமுறையும் கதவைத் திறந்து வைப்பதால். நாங்கள் தேர்வெழுதிவிட்டுச் செல்லும்போது அந்த நோட்டு நூலகத்தில், அகராதிகளுக்குப் பக்கத்தில் இருக்கும். இன்னும் பாதிப் பக்கங்கள் காலியாக உள்ளன. அன்புத் தங்கையரே, 213ஆவது சொல்லை நீங்கள் எழுதுங்கள்.